ஜட்டியோடு தீவில் நிற்கும் வீரன்

"மாமா, எல்லாத்தையும் புடுங்கிட்டான் மாமா!"

அக்கா மகன் கத்திய கத்தலில் கையிலிருந்த தேநீர் பாதி என் சட்டையில். ஞாயிறு மத்தியானம், கோலாலம்பூர் செந்தூலில் அக்கா வீடு, பன்னிரண்டாவது மாடி. அடுக்களையில் அக்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தவர், யாரோ வீடு புகுந்துவிட்டார்கள் என்று கரண்டியோடு ஓடி வந்தார். பையன் டிவியைக் காட்டினான். அவன் ஆடிக்கொண்டிருந்த வீடியோ கேமின் வீரன் லிங்க், கடற்கரையில் வெறும் ஜட்டியோடு நிற்கிறார். வாள் இல்லை, வில் இல்லை, கேடயம் இல்லை, சமைத்து வைத்திருந்த சாப்பாடு, பறித்த காளான், ஆப்பிள் ஒன்றுகூட இல்லை. அக்கா பார்த்துவிட்டு, "இதுக்கா இந்தக் கூச்சல்" என்று திரும்பிப் போய்விட்டார்.

ஜெல்டா ஆட்டங்களில் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாடியவர்களுக்கு இது எந்த இடம் என்று உடனே தெரிந்திருக்கும். ஈவென்டைட் தீவு. வரைபடத்தின் தென்கிழக்கு மூலையில், கடலுக்கு நடுவே, பார்க்க ஒன்றும் இல்லாத மாதிரி கிடக்கும். கஷ்டப்பட்டுப் போய்க் கால் வைத்ததும் ஒரு குரல் கேட்கும், உன் பொருளை எல்லாம் வாங்கிக்கொள்கிறேன், மூன்று உருண்டைகளைக் கொண்டுபோய் மூன்று மேடையில் வை, அப்புறம் தருகிறேன் என்று. அவ்வளவுதான், அதற்குப் பிறகு உதவி கிடையாது. மிச்சம் இருப்பது உன் உயிரைக் காட்டும் இதயங்கள், பறக்கும் துணி, அப்புறம் இடுப்பில் இருக்கும் அந்தப் பலகை. அந்தப் பலகையில் குண்டும், காந்தமும், பொருளை அப்படியே உறைய வைக்கும் வித்தையும் இருக்கின்றன. மூன்றில் ஒரு உருண்டை, தூங்கிக்கொண்டிருக்கும் ஒற்றைக்கண் ராட்சசன் கழுத்தில் மாலை மாதிரி தொங்குகிறது.

பையன் முதலில் செய்தது தீவை விட்டு ஓடியதுதான். வெளியே வந்ததும் அத்தனை பொருளும் திரும்பி வந்துவிட்டது. ஒரு வாள்கூடக் குறையவில்லை என்று எண்ணிப் பார்த்துக்கொண்டான். சரி, வேறு வேலையைப் பார்ப்பான் என்று நினைத்தேன். பத்து நிமிஷம் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான், பிறகு திரும்பவும் அந்தத் தீவுக்கே கிளம்பினான்.

எனக்கு அந்தப் பத்து நிமிஷம் ரொம்பப் பிடித்திருந்தது. எழுதலாம் என்று தோன்றியதே அதனால்தான். அதோடு, அந்த மாதம் எனக்கும் அதேதான் நடந்திருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆயுதம் பறிபோவது எனக்குப் புதிதில்லை. பட்டர்வொர்த்தில் பாட்டி வீட்டில் மைக்ரோ ஜீனியஸ் வீடியோ கேம் பெட்டி ஒன்று இருந்தது. பள்ளி விடுமுறைக்குப் போனால் மாமன் பிள்ளைகளோடு அதில் கான்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம். S எழுத்து பறந்து வரும், பிடித்தால் விசிறி மாதிரி குண்டு விரியும், அந்தத் துப்பாக்கி கையில் இருக்கும்வரை நீங்கள்தான் ராஜா. செத்தால் போச்சு. பட்டாணி போடும் பழைய துப்பாக்கியோடு மேலேயிருந்து விழுவீர்கள். மேல் மேல் கீழ் கீழ் என்று அந்த மந்திரத்தை அழுத்தி முப்பது உயிர் வாங்கி வைத்திருந்தாலும் S போனால் மனசு விட்டுப்போகும். "நீ சாவு, நான் எடுத்துக்குறேன்" என்று அண்ணன் தம்பிக்குள் அடிதடியே நடந்திருக்கிறது. பிறகு இங்கே சிசியில் (சைபர் கஃபேயில்) மணிக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வைஸ் சிட்டி ஆட்டம். அதில் அடிபட்டால் ஆஸ்பத்திரி வாசல், போலீஸ் பிடித்தால் ஸ்டேஷன் வாசல், இரண்டிலுமே சேர்த்து வைத்த துப்பாக்கி எல்லாம் காலி. காசு கொடுத்து வாங்கிய மினிகன் போய், கையில் இன்னும் பதினொரு நிமிஷம்தான் பாக்கி என்று இருக்கும் ஒரு பையனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதெல்லாம் தண்டனை. தப்பு செய்தாய், கொடு. நான் சொல்ல வந்தது வேறு வகை. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, நன்றாகவே விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள், கதை வந்து உங்கள் பையைப் பிடுங்கிக்கொண்டு, இப்படியே போ என்கிறது.

இதில் எனக்கு முதல் அனுபவம் 1998-இல் வந்த ஹாஃப் லைஃப், நான் விளையாடியது ரொம்பத் தாமதமாகத்தான். அதன் நாயகன் கார்டன் ஃப்ரீமன் ஒரு இருட்டு அறைக்குள் நுழைவார், சிப்பாய்கள் பின்னாலிருந்து அடித்துப் போட்டுக் குப்பை நசுக்கும் எந்திரத்துக்குள் வீசிவிட்டுப் போவார்கள். கண் திறந்தால் இரண்டு பக்கச் சுவரும் நெருங்கி வருகிறது. துப்பாக்கி ஒன்றும் இல்லை. மேலே ஏறித் தப்பித்தால் திரும்ப முதலில் கிடைப்பது அந்தக் கடப்பாரைதான், ஆட்டத்தின் ஆரம்பத்தில் முதல் ஆயுதமாகக் கிடைத்ததே அதே கடப்பாரை. அதைக் கையில் எடுத்தபோது ஏதோ பழைய கூட்டாளியைப் பசாரில் பார்த்த மாதிரி இருந்தது. 2004-இல் வந்த இரண்டாம் பாகம் இதையே தலைகீழாகப் போட்டது. கடைசியில் அந்தக் கோபுரத்துக்குள் போனதும் ஒரு எந்திரம் எல்லா ஆயுதத்தையும் எரித்துவிடும், பொருளைத் தூக்கி எறியும் கிராவிட்டி கன் ஒன்றை மட்டும் அதனால் அழிக்க முடியாது. ஆரஞ்சாக இருந்தது நீலமாக மாறிவிடும். அதுவரை பெட்டியையும் பீப்பாயையும் தூக்கியது இப்போது ஆளையே தூக்குகிறது! பறித்த மாதிரி பறித்து அள்ளிக் கொடுத்த இடம் அது. விளையாட ஜாலியாகத்தான் இருந்தது, ஆனால் உண்மையைச் சொன்னால், நான் எதையும் இழந்த மாதிரியே இல்லை.

மெட்டல் கியர் சாலிட் இதில் வேறு ரகம். நாயகன் ஸ்னேக்கைப் பிடித்துச் சித்திரவதை செய்து சிறையில் போடுகிறார்கள். வெளியே போக வழி? ஸ்னேக்கின் கூட்டாளி ஒட்டகான் கொண்டுவந்து கொடுத்த கெட்சப் பாட்டில். அதை ஊற்றிக்கொண்டு தரையில் படுத்தால் காவல்காரன் ரத்தம் என்று நினைத்துக் கதவைத் திறப்பான். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தாலும் வேலை நடக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு மறக்காதது அதற்கு அடுத்தது. பையைத் திரும்ப எடுக்கிறீர்கள், அப்பாடா என்று இருக்கிறது, ஆனால் அந்தப் பொருள்களுக்கு நடுவே அவர்கள் ஒரு டைம் பாமை வைத்திருக்கிறார்கள். பட்டியலைத் திறந்து பார்த்துத் தூக்கி எறியாவிட்டால் செத்தீர்கள். உங்கள் சாமானை உங்களையே சந்தேகப்பட வைத்தவர்களை என்னவென்று சொல்வது. 2001-இல் வந்த இரண்டாம் பாகத்தில் நாயகன் ரெய்டன் ஒட்டுத்துணி இல்லாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு ஓடுவார். நான் அதை விளையாடிய நேரத்தில் அம்மா அறைக்குள் வந்தார். அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

மெட்ராய்ட் ஜீரோ மிஷனை (2004, சின்ன கேம் பாய் அட்வான்ஸில்) எத்தனை பேர் விளையாடியிருப்பீர்கள் என்று தெரியவில்லை. பெரிய எதிரியான மதர் பிரெயினைக் கொன்றாகிவிட்டது, ஆட்டம் முடிந்தது என்று நினைக்கும்போது நாயகி சாமஸின் விண்கப்பலைக் கொள்ளையர்கள் சுட்டு வீழ்த்துகிறார்கள். கவசம் போய்விட்டது. கையில் இருப்பது எதிரியைக் கொஞ்ச நேரம் மயங்க வைக்கும் ஒரு குட்டித் துப்பாக்கி, அவ்வளவே. நேற்றுவரை ஒரே சுடலில் பொசுக்கிய கொள்ளையரைப் பார்த்துப் பயந்து பொந்துக்குள் ஒளிய வேண்டும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிறகு கவசம் திரும்பக் கிடைக்கும், பழையதைவிடப் பலமாக, அதே வழியில் திரும்பி வருவீர்கள், அதே கொள்ளையர் நிற்பார்கள். அந்த நடையை நான் மூன்று தடவை விளையாடியிருக்கிறேன், அதற்காக மட்டுமே.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி, 2003-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம். அதில் பறிபோவது வெறும் ஆயுதமில்லை. அந்தக் கத்தி இருந்தால் நேரத்தைப் பின்னால் ஓட்டலாம். பள்ளத்தில் விழுந்தீர்களா, ஒரு பொத்தானை அழுத்தினால் திரும்ப மேலே நிற்பீர்கள். ஆட்டம் முழுக்க அந்த வசதியிலேயே பழகியிருப்பீர்கள், தப்பு செய்ய பயமே இருக்காது. கடைசிக் கட்டத்தில், கூடவே வந்த இளவரசி ஃபாரா அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். இளவரசனிடம் ஒரே வெட்டில் எதிரியைச் சாய்க்கும் வாள் இருக்கிறது, சண்டைக்குக் குறைவில்லை. ஆனால் கோபுரம் ஏற வேண்டும், ஒவ்வொரு தாவலும் ஒரே தாவல். விழுந்தால் விழுந்ததுதான். என் உள்ளங்கை வேர்த்து ரிமோட் வழுக்கியது. ஆனால் பாருங்கள், ஏறிவிட்டேன். இத்தனை மணி நேரம் பின்னால் ஓட்டி ஓட்டி விளையாடியதில் எந்தச் சுவரில் எத்தனை அடி ஓடலாம், எப்போது கையை விட வேண்டும் என்பது விரலுக்குத் தெரிந்திருந்தது.

இதுதான் என் கணக்கு. முன்னாடியே சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிடுங்கும் ஆட்டம் நல்ல ஆட்டம். ஒன்றுமே சொல்லித் தராமல், சும்மா கஷ்டப்படட்டும் என்று பிடுங்கினால் எரிச்சல்தான் வரும். அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. பிடித்துச் சிறையில் போடுவார்கள், பக்கத்து அறையிலேயே ஒரு பெட்டியில் உங்கள் சாமான் அத்தனையும் அடுக்கி இருக்கும், ஒரு காவலாளியைத் தட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு நிமிஷ வேலை. அதற்கு எதற்குப் பிடுங்கினாய்?

ஈவென்டைட்டில் யாரும் எதையும் புதிதாகக் கற்றுத் தரவில்லை. தேன்கூட்டைத் தட்டிவிட்டால் தேனீ எதிரியைத் துரத்தும், இரும்புப் பெட்டியைக் காந்தத்தால் தூக்கித் தலையில் போடலாம், மேட்டில் நிற்கும் பாறையை உருட்டிவிடலாம். இதெல்லாம் முதல் நாளிலிருந்தே அந்த உலகத்தில் இருக்கிறது. பை நிறைய வாள் வைத்திருந்தவன் ஏன் தேன்கூட்டைப் பார்க்கப்போகிறான்? எங்கள் பையன் அறுபது மணி நேரம் விளையாடியிருந்தான், காந்தத்தை எதிரிமேல் ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை. அன்றைக்குத்தான் ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவு முழுக்க அலைந்தான். கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவன்மேல் அதைப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே.

இனி என் கதை. எனக்கு ஏர்கோன் சர்வீஸ் வேலை, சொந்தமாகத்தான், ஒரு மோட்டார்சைக்கிளும் ஒரு பையும். அந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, சாப்பாட்டுக் கடை வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டு ரொட்டி சாப்பிட உட்கார்ந்தேன், எழுந்து வந்தால் பின்னால் கட்டியிருந்த பை இல்லை. கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ், கரண்ட் பார்க்கும் கிளாம்ப் மீட்டர், குழாய் விரிக்கும் கருவி, ஸ்பேனர் செட், எல்லாம் போச்சு. கணக்குப் போட்டால் ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு மேல். போலீசில் ரிப்போர்ட் கொடுத்தேன், வீட்டுக்கு வந்தேன், தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை பத்துமலைப் பக்கத்திலிருந்து ஒரு ஆன்ட்டி ஃபோன். ஏர்கோன் குளிரவில்லை, வீட்டுக்காரருக்கு உடம்பு முடியவில்லை, வேர்த்துக் கொட்டுகிறது, இன்றைக்கே வந்தால் நல்லது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடுக்களை இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"ஒண்ணுமே கொண்டு வரலையே தம்பி" என்றார் ஆன்ட்டி கதவைத் திறந்ததும்.

"பாக்கலாம் ஆன்ட்டி."

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் முதல் ஆறு மாதம் கேஜைத் தொடவே விடமாட்டார். குழாயைத் தொட்டுச் சொல்லு என்பார். தடித்த குழாய் ஜில்லென்று வேர்த்திருக்கிறதா, வெளியே கம்ப்ரஸர் சத்தம் எப்படி இருக்கிறது, பனி பிடித்திருந்தால் எங்கே பிடித்திருக்கிறது. அப்போது நான் அவரைத் திட்டாத நாள் இல்லை. ஆன்ட்டி வீட்டில் முன்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே குளிர்ச்சி தரும் குழாய்ச் சுருள், அதாவது காயில், முழுக்க வெள்ளையாக ஐஸ். ஃபில்டரில் பூனை முடி கம்பளி மாதிரி படிந்திருந்தது. காற்றே உள்ளே போகாமல் காயில் உறைந்துவிட்டிருக்கிறது. ஐஸ் உருகும்வரை வெறும் காற்றாடியை மட்டும் ஓட விட்டேன், ஃபில்டரைக் குளியலறையில் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் போகும் குழாய் வேறு அடைத்திருந்தது. அதை எப்படி எடுப்பது? எதிர்வீட்டுப் பையனிடம் சைக்கிள் பம்ப் இருந்தது, துணியைச் சுற்றிக் குழாய் வாயில் வைத்து நாலு அடி அடித்தேன், கீழே பச்சையாக ஒரு சேறு வந்து விழுந்தது. அந்தப் பையன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் வெளியே போய்த் தடித்த குழாயைத் தொட்டேன், ஜில். உள்ளே வீட்டுக்காரர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

இதில் எனக்கு உறுத்தியது ஒன்று உண்டு, எழுதவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. கேஜ் கையில் இருந்திருந்தால் போனவுடன் அதைத்தான் மாட்டியிருப்பேன், சமீபகாலமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். காயில் உறைந்து கிடந்தால் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். கேஸ் கம்மி ஆன்ட்டி என்று சொல்லி, கேஸ் ஏற்றிக் காசு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அதற்கு முன்னால் எத்தனை வீட்டில் அப்படிச் செய்தேனோ. அன்றைக்கு அறுபது வெள்ளி வாங்கினேன்.

அதற்காகத் திருடனுக்கு நன்றி சொல்கிற ஆள் நான் இல்லை. அடுத்த மூன்று வாரம் கடன் வாங்கிய ஸ்பேனரோடு அலைந்தேன், குழாய் போடும் வேலை வந்தால் வேறு ஆளுக்குக் கைகாட்டிவிட்டேன், அதில் போன காசு தனி. ஈவென்டைட்டில் உருண்டையை வைத்தால் பை திரும்பி வரும். இங்கே வரவில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு வருஷமும் என் கேஜுக்கும் ஸ்பேனருக்கும் அம்மா சந்தனம் குங்குமம் வைப்பார், போன பையிலிருந்த சாமான் எல்லாவற்றிலும் போன வருஷத்துப் பொட்டு இருந்தது. இந்தத் தடவை பாதி புதுசு, பாதி கடன். கூடவே நான் வாங்கி வைத்த ஒரு சைக்கிள் பம்ப். அம்மா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். பிறகு வழக்கம்போல் கதை. பாண்டவர்கள் பன்னிரண்டு வருஷம் காட்டில் இருந்துவிட்டு, பதின்மூன்றாவது வருஷம் யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும், அதனால் ஆயுதங்களை எல்லாம் மூட்டை கட்டி வன்னி மரத்தில் தொங்கவிட்டு, யாரும் கிட்டே வராமலிருக்க ஒரு பிணத்தையும் கட்டிவிட்டுப் போனார்கள்.

"அப்புறம் அர்ஜுனன் என்ன பண்ணான் பாட்டி?"

"அரண்மனையில டான்ஸ் சொல்லிக் கொடுத்தான்."

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "பீமன்?"

"சமையல். அங்கதான் கீசகனை வெறுங்கையாலயே அடிச்சுக் கொன்னான்."

"வில்லு திரும்பக் கிடைச்சுதா?"

"கிடைக்காம? மாட்டைப் பிடிக்க வந்தானுங்க கௌரவப் படை, மரத்துல இருந்து எடுத்துட்டு வந்து ஒத்த ஆளா நின்னு அடிச்சான்."

ஜீரோ மிஷனில் சாமஸ் திரும்பி நடந்து வரும் அதே நடை. சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அம்மா பையன் பக்கம் திரும்பி, "நீயும் உன் சாமானைக் கொண்டாந்து வை" என்றார். ஸ்விட்ச் கேம் பெட்டியையும் இரண்டு ரிமோட்டையும் பெருமையாகக் கொண்டு வந்து என் ஸ்பேனருக்குப் பக்கத்தில் அடுக்கினான். அம்மா மூன்றுக்கும் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, பூவைப் போட்டு முடித்தார். எல்லாம் ஆன பிறகு பையன் கை நீட்டினான்.

"தொடாதே. நாளைக்குக் காலையில விஜயதசமி, அப்பத்தான் எடுக்கணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோபாவில் போய் விழுந்தவன், காலை எத்தனை மணி என்று சரியாகச் சொல்லுங்கள் என்றான். விடிஞ்சதும் என்றார் அம்மா. குளிச்ச பிறகு என்றார் அக்கா.